கியர் உள்ளது

விண்ணப்பம் நிரப்பித் தந்த
கம்ப்யூட்டர் கடைப் பையன்
தலைதூக்காமலே கேட்டான்:
"கியர் இல்லாததுதானே அக்கா?"
உள்ளது என்றேன்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் பரீட்சை.
ஒரு கேள்விக்கு முப்பது நொடியாம்.
மண்டபம் ஐஸ் கம்பெனியில்
நான் கணக்கெழுதும் மேசையில்
பார் எண்ணிக்கை நோட்டுக்கு அடியில்
கேள்விப் புத்தகம் நனைந்து
உப்பிக்கொண்டிருக்கிறது.
முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை.
சிவப்பு வட்டத்துக்குள் இருந்தால் கட்டளை.
நீலப் பலகை வெறும் தகவல்:
ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சாப்பாடு.

லோடு இல்லாத நேரத்தில்
பார் இழுக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள்.
சிக்னல் இல்லாத நாற்சந்தியில்
யாருக்கு முதலில் வழி?
"ஐஸ் லாரிக்கு" என்கிறார் நைனா முகம்மது.
"எவன் பெருசோ அவனுக்கு" என்கிறார் கருமலையான்.
வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு
என்று நான் வாசித்ததை
ஒருவரும் நம்பவில்லை.
"அப்படி ஒருத்தன் விட்டு
நான் பாத்ததே இல்லையே!"
பார்த்ததையா கேட்கிறார்கள் அண்ணே.

வெள்ளைக் கோலுடன் ஒருவர்
சாலையைக் கடந்தால்?
அந்தக் கோலையே
நில் என்னும் குறியாகக் கொள்ள வேண்டும்.
இதற்கு யாரும் சிரிக்கவில்லை.
"இன்னொருக்கா வாசி" என்றார் கருமலையான்.

மோட்டார் சைக்கிளில் எத்தனை பேர்?
ஓட்டுபவர், பின்னால் ஒருவர்.
அண்ணன் வண்டியில் நாங்கள் நாலு பேர்
ஓரியூர் திருவிழாவுக்குப் போயிருக்கிறோம்.
அதை விடுங்கள்.
எப்போதும் நான்தான் அந்தப் பின்னால் ஒருவர்.

இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு
ஒருசாய்ந்து உட்கார்ந்து போகிறவளுக்கு
சாலை பாதிதான்.
தங்கச்சிமடத்திலிருந்து வேலைக்கு வரும்போது
பாலத்தில் எனக்குத் தென்கடல்.
வீடு திரும்பும்போது வடகடல்.
இரண்டையும் ஒருசேர
நான் பார்த்ததில்லை.
முன்னால் ஒரு முதுகு.
அப்பாவுடையதில் உப்புக் கோடு,
அண்ணனுடையதில் பத்தாம் நம்பர்,
பெலிக்ஸுடையதில் காலர் கிழிசல்.
முதுகுக்கு அந்தப்புறம்
என்ன வருகிறது என்பதை
பிரேக் அடிக்கும்போதுதான் தெரிந்துகொள்வேன்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தலாமா?
கல்யாணமாகி மூன்றாம் நாள்
பெலிக்ஸ் நிறுத்தினான்.
கைப்பிடிச் சுவரோரம் நின்று
என்ன பேசினோம், நினைவில்லை.
பின்னால் வந்த பஸ்காரர் திட்டியது
சொல் மாறாமல் நினைவிருக்கிறது.
கூடாது. டிக்.

அவன் மங்களூரில் போட்டுக்குப் போய் எட்டு மாதம்.
வண்டி சுவரோரம் நிற்கிறது.
போனில் விஷயத்தைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு, "டயர்ல காத்து இருக்கான்னு பாரு" என்றான்.
அது முக்கோணமா, வட்டமா, நீலப் பலகையா
இன்னும் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது.
முதல் பஸ் நாலே முக்காலுக்கு.
கேட்டுக்கு வெளியே, காலிச் சாலையில்,
கைச் சைகைகளைச் செய்து பார்த்தேன்.
நீட்டிய வலக்கை, உள்ளங்கை முன்னோக்கி:
வலப்புறம் திரும்புகிறேன்.
உள்ளங்கை கீழ்நோக்கி, மேலும் கீழும்:
வேகம் குறைக்கிறேன்.
வலக்கை நேராக மேலே:
நிற்கப்போகிறேன்.

தூக்கிய கை தூக்கியபடி இருக்க
ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்த மீன் லாரி
டயர் தேய்ந்து நின்றது.
டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.
"என்னத்தா, ஏதும் ஆபத்தா?"
"இல்லண்ணே. பரீட்சை."
அவருக்கு விளங்கவில்லை.
ஐஸ் தண்ணீர் லாரியிலிருந்து
சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்து
வலக்கையை முன்னும் பின்னும்
அரைவட்டமாய் அசைத்தேன்:
முந்திச் செல்லலாம்.

போனார், நீளமாக
ஒரு ஹாரன் அடித்துவிட்டு,
ஹாரன் கூடாது என்று
வட்டத்துக்குள் வரைந்திருந்த
பள்ளிக்கூடப் பலகையைத் தாண்டி.